பங்கோருக்குப் போகிறீர்களா? கிழக்குக் கரையில் இறங்குங்கள்

ஈப்போக்காரர்களுக்குக் கடல் என்றால் பங்கோர்தான். சுண்ணாம்புக் குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஊருக்கு அலைச் சத்தம் கேட்க வேண்டுமானால் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் மேற்கே ஓடி லூமுட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து ஃபெரி. பள்ளி விடுமுறை விட்டதும் குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறோம். விடிந்ததும் வண்டி எடுத்து, ஒன்பது, பத்து மணிக்கு ஃபெரி ஏறி, இளஞ்சிவப்பு டாக்சி வேனில் நேராகத் தெலுக் நிப்பா கடற்கரைக்குப் போய், மதியம் வரை குளித்து, மாலையில் ஒரு பை நெத்திலியோடு திரும்பிவிடுவது வழக்கம்.

இப்படிப் போய்வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, ஈப்போவிலிருந்து லூமுட் வரைக்குமான சாலை. இன்னொன்று, தீவின் கிழக்குக் கரை. சுற்றுலாத் துண்டுப் பிரசுரங்கள் காட்டும் வெள்ளை மணலெல்லாம் மேற்கே இருக்கிறது. ஆட்கள் குடியிருந்து, மீன் பிடித்து, சாமி கும்பிட்டு வாழும் பங்கோர் கிழக்கே இருக்கிறது. பேராக் தமிழர்களுக்கு இந்தச் சாலையும் அந்தக் கரையும் வேறு யாரையும்விடக் கூடுதலாகச் சொந்தம். காரணத்தைப் போகப் போகச் சொல்கிறேன்.

கச்சாங் பூத்தேயிலிருந்து கெல்லி மாளிகை வரை

ஊரை விட்டு வெளியேறும் முன் புந்தோங்கில் ஒரு கால் மணி நேரம் நிறுத்துங்கள். ஈப்போவில் தமிழர்கள் நெருக்கமாக வாழும் பகுதி இது. எட்டயபுரம் வட்டாரத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறி, கடலை வறுத்தும் முறுக்குப் பிழிந்தும் பிழைத்ததால் ஒரு குடியிருப்புக்கே 'கம்போங் கச்சாங் பூத்தே' என்று பெயர் வந்துவிட்டது. ஒரு காலத்தில் சினிமாக் கொட்டகை வாசலில் காகிதக் கூம்புகளில் விற்ற அதே பண்டங்கள் இப்போது கடைகளில் பெரிய பெரிய டப்பாக்களில் வரிசை கட்டி நிற்கின்றன. ஓமப்பொடி, காராபூந்தி, பட்டாணி, மரவள்ளிச் சீவல், கறிவேப்பிலை மணக்கும் வறுகடலை என்று வகைக்குக் குறைவில்லை. எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவருக்குக் கேட்காமலேயே ஒரு கை அள்ளிச் சுவை பார்க்கக் கொடுப்பார்கள். ஃபெரியில் பிள்ளைகள் பசிக்குது என்று நச்சரிக்கும்போது இந்தப் பொட்டலத்தின் அருமை தெரியும்.

மெங்லெம்புவைத் தாண்டிப் பூசிங் போகும் வழியில் பாப்பான் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஈயச் சுரங்கம் செழித்த காலத்தில் எழும்பிய கடைவீடுகள் இன்று இடிந்து, சுவருக்குள் ஆலமர வேர் இறங்கிக் கிடக்கின்றன. இந்தத் தெருவின் 74ஆம் எண் வீட்டில்தான் ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். அவர் ஒரு யுரேஷிய மருத்துவத் தாதி. கணவர் டாக்டர் கார்த்திகேசு தமிழர். காட்டில் ஒளிந்திருந்த ஜப்பானிய எதிர்ப்புப் படையினருக்கு இரவோடு இரவாக மருந்து கொடுத்தார், காயத்துக்குக் கட்டுப் போட்டார், வீட்டுக்குள் ரகசியமாக வானொலி வைத்து பிபிசி கேட்டார். 1943இல் பிடிபட்டு, கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய ராணுவப் போலீசின் சித்திரவதையில் முதுகெலும்பு சேதமாகி, பத்து காஜா சிறையில் கிடந்தார். போர் முடிந்து சிகிச்சைக்குப் பிரிட்டன் போனவருக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது. 1948 ஜூனில் அங்கேயே இறந்தார். அவர் உடல் பிறகு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டது. ஈப்போவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தச் சாலையில் தினமும் வண்டி ஓட்டுகிறவர்களில் எத்தனை பேர் பாப்பானுக்குப் போயிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நேரம் இருந்தால் சாலையிலிருந்து விலகிப் பத்து காஜா பக்கம் போய்வரலாம். பெரும்பாலானோர் கெல்லி மாளிகைக்காகத்தான் அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இருபது வயதில் மலாயாவுக்கு வந்தவர். காடு திருத்தும் குத்தகையில் காசு பார்த்து, ஆயிரம் ஏக்கரில் ரப்பர் நட்டு, அதற்குக் கிந்தா கெல்லஸ் தோட்டம் என்று பெயர் வைத்தார். 1915 வாக்கில் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கினார். செங்கல்லும் தரை ஓடும் மதராஸிலிருந்து வந்தன, கட்டும் ஆட்களும் அங்கிருந்தே வந்தார்கள். மாடிக் கோபுரத்தில் லிஃப்ட் வைக்க இடம் விட்டிருந்தார். அது மட்டும் ஓடியிருந்தால் மலாயாவின் முதல் லிஃப்ட் என்று பேர் வாங்கியிருக்கும் என்பார்கள். 1926இல் ஐரோப்பா போனவர் லிஸ்பனில் நிமோனியாவில் இறந்தார். மாளிகை அரைகுறையாக நின்றது. மனைவி எல்லாவற்றையும் விற்றுவிட்டு ஊருக்குப் போனார்.

மாளிகையில் படம் எடுக்கக் கூட்டம் அலைமோதும். நான் சொல்ல வந்தது அதற்குக் கொஞ்சம் தள்ளி இருக்கும் மாரியம்மன் கோயிலை. ஸ்பானியக் காய்ச்சல் பரவி, கட்டட வேலையில் இருந்த தமிழ்த் தொழிலாளிகள் பலர் செத்து விழுந்தபோது, மிஞ்சியவர்கள் அம்மனுக்குக் கோயில் கட்டித் தரச் சொல்லிக் கேட்டார்கள். ஸ்மித் மாளிகை வேலையை நிறுத்திவைத்துக் கோயில் கட்டிக் கொடுத்தார். நன்றிக்கு அவர்களும் ஒன்று செய்தார்கள். கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களோடு உருவமாக, வெள்ளைக் கோட்டும் தலையில் தொப்பியுமாக ஒரு துரையை நிறுத்தினார்கள். அண்ணாந்து பார்த்தால் அவர் இன்னமும் அங்கே நிற்கிறார், சாமிகளுக்கு நடுவே சற்றுக் கூச்சத்தோடு நிற்பதுபோல எனக்குப் படும். தோட்டத்தில் துரைக்கும் கூலிக்கும் இடையே இருந்த உறவை, அதன் பயம், கடன், கணக்கு எல்லாவற்றையும் சேர்த்து இத்தனை தெளிவாகச் சொல்லும் பொருள் நம் நாட்டு அருங்காட்சியகங்களில் ஒன்றும் இல்லை என்பது என் கருத்து. மாளிகைக்கு நுழைவுச்சீட்டு எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, இதைப் பார்க்காமல் வராதீர்கள்.

பால்மரம் போய்ச் செம்பனை வந்த சாலை

துரோனோ தாண்டியதும் இரு பக்கமும் குளங்கள். இயற்கைக் குளங்கள் அல்ல, ஈயம் தோண்டிய பள்ளங்களில் நீர் நிரம்பியவை. ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். போத்தாவில் பேராக் ஆற்றைக் கடக்கிறோம். இங்கே வனவிலங்குத் துறையின் ஆற்று ஆமைப் பாதுகாப்பு மையம் ஒன்று இருக்கிறது. மலாய்க்காரர்கள் 'துந்தோங்' என்று சொல்லும் இந்த ஆமையின் முட்டை ஒருகாலத்தில் அரண்மனைப் பண்டம். இன்று அந்த இனமே அழிவின் விளிம்பில் இருப்பதால் முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுகிறார்கள். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு நல்ல நிறுத்தம்.

ஆயர் தாவார் நெருங்க நெருங்கச் செம்பனைதான். இந்தப் பக்கத்துத் தமிழ்ப் பள்ளிகளின் பெயர்ப் பலகைகளைக் கவனியுங்கள். சொகோமானா தோட்டத் தமிழ்ப்பள்ளி, சுங்கை வாங்கி தோட்டத் தமிழ்ப்பள்ளி. பலகையில் தோட்டம் இருக்கிறது, லயங்களில் ஆள் இல்லை. பெரட்டுக் களத்தில் விடியுமுன் பெயர் கூப்பிட்டு, உளியும் வாளியுமாக வரிசைக்குப் போய், மங்கில் வடிந்த பாலைக் காண்டாவில் சுமந்து, ஒட்டுப்பாலைக்கூட விடாமல் சுரண்டி நிறுத்துக் கொடுத்த வாழ்க்கை இந்த வட்டாரத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பே முடிந்துவிட்டது. மரங்களை வெட்டிச் செம்பனை நட்டார்கள். செம்பனைக்கு அத்தனை ஆள் தேவையில்லை. தேவைப்பட்ட ஆளும் வெளிநாட்டிலிருந்து வந்தார். நம் ஆட்கள் சித்தியவானுக்கும் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் சிதறினார்கள். பள்ளி மட்டும் பழைய பெயரோடு நிற்கிறது. பட்டணத்துப் பிள்ளைகள் வேனில் ஏறி அங்கே படிக்க வருகிறார்கள்.

சித்தியவான் வேறு கதை. 1903இல் சீனாவின் பூச்சௌ பகுதியிலிருந்து மெதடிஸ்ட் சபை அழைத்துவந்த விவசாயக் குடும்பங்கள் காடு திருத்தி எழுப்பிய ஊர் அது. முதலில் நெல் பயிரிட நினைத்தவர்கள் பிறகு ரப்பருக்கு மாறினார்கள். அவர்களும் நம்மைப்போல் பால் வெட்டினார்கள், ஒரு வித்தியாசத்தோடு. தங்கள் சொந்த நிலத்தில் வெட்டினார்கள். அந்த வித்தியாசம் இரண்டு சமூகங்களையும் எங்கெங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சித்தியவான் கடைத்தெருவில் ஒரு நடை நடந்தாலே புரிந்துவிடும்.

இங்கே 'கொம்பியாங்' என்ற ரொட்டியைச் சாப்பிடாமல் போகக்கூடாது. பிசைந்த மாவை வட்டமாகத் தட்டி, சிலவற்றுக்குள் வெங்காயம் வைத்து, எள் தூவி, சுட்ட அடுப்பின் உட்சுவரில் கையாலேயே அப்புகிறார்கள். சூட்டுக்குள் கை போய் வரும் வேகத்தைப் பார்த்தாலே காசு செரித்துவிடும். வெளியே மொறுமொறுப்பு, உள்ளே மெத்தென்று இருக்கும். சூடாகச் சாப்பிட வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுநாள் கல்.

சித்தியவானில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒரு குடும்பத்தில் 1924இல் பிறந்தவர்தான் சின் பெங். மலாயாக் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைவர். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் அவர் பெயரைச் சொல்லியே தோட்டத்து லயங்களைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். வீட்டிலிருந்து வெளியே சோறு கொண்டுபோவதற்குக்கூடக் கட்டுப்பாடு வைத்தார்கள். 2013இல் பேங்காக்கில் இறக்கும்வரை ஊருக்குத் திரும்ப அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 2019இல் அவருடைய அஸ்தி ரகசியமாகக் கொண்டுவரப்பட்டு, ஒரு பகுதி லூமுட்டை ஒட்டிய கடலில் கரைக்கப்பட்ட செய்தி வெளிவந்தபோது நாடாளுமன்றம் வரை பேச்சானது. நாம் ஃபெரியில் செல்ஃபி எடுக்கும் கடல் அதுதான்.

கப்பலில் போட்ட கையெழுத்து

லூமுட் படகுத்துறைக்கு முன்னால் கடற்படைத் தளம். ஃபெரி நகர்ந்ததும் ஒரு பக்கம் பச்சைக் குன்றுகள், இன்னொரு பக்கம் தூரத்தில் மஞ்சோங் அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். விளம்பரப் படங்களில் இந்தப் புகைபோக்கிகளைக் கவனமாக வெட்டிவிடுவார்கள். அவசரக்காரர்களுக்குத் தெலுக் மூரோவில் மரினா தீவுப் படகுத்துறை இருக்கிறது, அங்கிருந்து கடலைத் தாண்டக் கால் மணிகூட ஆகாது. நான் லூமுட்டிலிருந்து போவதையே சொல்வேன். அரை மணி நேரம் கடலில் இருக்கத்தானே இத்தனை தூரம் வருகிறோம்.

இந்த நீர்ப்பரப்பில்தான் 1874 ஜனவரி 20ஆம் தேதி, 'புளூட்டோ' என்ற கப்பலில், நம் தலையெழுத்தை மாற்றிய கையெழுத்து விழுந்தது. அப்போது பேராக்கில் அரியணைக்குப் போட்டி. லாரூட் ஈயச் சுரங்கங்களில் கீ ஹின், ஹாய் சான் என்ற சீனக் குழுக்களுக்குள் வெட்டுக்குத்து. இதைச் சாக்கிட்டு உள்ளே வந்தார் நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநர் ஆண்ட்ரூ கிளார்க். ராஜா அப்துல்லாவைச் சுல்தானாக ஏற்பதாகச் சொன்னார். பதிலுக்கு ஒரு வெள்ளைக்கார ரெசிடெண்டை வைத்துக்கொள்ள வேண்டும், இஸ்லாமும் மலாய் வழக்கமும் தவிர மற்ற எல்லாவற்றிலும் அவர் சொல்படி நடக்க வேண்டும் என்று நிபந்தனை. ஆலோசனை என்று பேர், ஆட்சி என்று அர்த்தம். முதல் ரெசிடெண்ட் பர்ச் மறு வருடமே, 1875 நவம்பரில், பாசீர் சாலாக்கில் கொல்லப்பட்டார். அப்துல்லா சேஷெல்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்.

பள்ளிப் பாடத்தில் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். நமக்கு அதற்கு மேல்தான் விஷயமே. இந்த ஒப்பந்தத்தின் வழியாக வந்த ரெசிடெண்ட் ஹியூ லோ, 1877இல் கோலாகங்சாரில் ரப்பர் கன்றுகளை நட்டார். அவற்றில் ஒன்று இன்றும் அங்கே கிழமரமாக நிற்கிறது. 1885இல் தைப்பிங்கிலிருந்து மலாயாவின் முதல் ரயில் ஓடியது. சாலை போட, தண்டவாளம் போட, பிறகு பால் வெட்ட ஆள் வேண்டியிருந்தது. கங்காணிகள் நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறினார்கள். சேலம், திருச்சி, தஞ்சாவூர், வடஆற்காடு என்று ஊர் ஊராக ஆள் பிடித்தார்கள். 1938இல் இந்திய அரசு தடுக்கும்வரை அது நிற்கவில்லை. என் தாத்தா எப்படி இங்கே வந்தார் என்று கேட்கிற பேரனுக்கு, பேராக்கைப் பொறுத்தவரை, ஃபெரியிலிருந்து கை நீட்டிக் காட்டக்கூடிய இடம் இது.

அதே ஒப்பந்தத்தில் டிண்டிங்ஸ் என்று அழைக்கப்பட்ட லூமுட், பங்கோர்ப் பகுதியையும் ஆங்கிலேயர் எடுத்துக்கொண்டார்கள். 1935இல்தான் பேராக்கிடம் திருப்பிக் கொடுத்தார்கள். அறுபது வருடம் இந்தத் தீவு சட்டப்படி பினாங்கு, சிங்கப்பூரோடு சேர்ந்தது.

கிழக்குக் கரை

ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும். சுற்றுலாப் பயணிகள் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். நீங்கள் இறங்குங்கள். கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் மர வீடுகள், மீன்பிடிப் படகுகள், படகு கட்டும் பட்டறைகள், காற்றில் உப்பும் கருவாடும். நெத்திலிப் படகுகளில் மீனைப் பிடித்த கையோடு கடலிலேயே உப்புத் தண்ணீரில் வேகவைத்துவிடுகிறார்கள். கரைக்கு வரும்போதே பாதி வேலை முடிந்திருக்கும். பிறகு தட்டுகளில் பரப்பி வெயிலில் காயவைத்து, அளவு பார்த்துப் பிரிப்பார்கள். தலையும் குடலும் கிள்ளி இரண்டாகப் பிளந்த நெத்திலிக்குத் தனி விலை. அந்தக் கிள்ளும் வேலையைப் பெண்கள் செய்வதைச் சற்று நின்று பாருங்கள். கட்டைவிரல் நகம் ஒரு முறை இறங்கும், மீன் இரண்டாகும், கண் வேறெங்கோ இருக்கும், வாய் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே இருக்கும். வீட்டில் சம்பலுக்கு நெத்திலி வாங்கும்போது விலை அதிகம் என்று முணுமுணுப்பதை அதற்குப் பிறகு விட்டுவிடுவோம். சாத்தே மீன் என்று இங்கே செய்யும் காரமும் இனிப்பும் கலந்த வறுவலையும் வாங்கலாம்.

பங்கோர் பட்டணத்திலிருந்து தெற்கே தெலுக் கெடோங் போகும் சாலையில், கடலைப் பார்த்தபடி பத்திரகாளியம்மன் கோயில். தீவுத் தமிழர்களின் கோயில் என்றாலும் மாசி மகத்தன்று இது பேராக் முழுவதற்கும் சொந்தமாகிவிடுகிறது. பால்குடமும் காவடியும் கடற்கரையிலிருந்து கோயில் நோக்கிப் போகும். ஃபெரிகளில் மஞ்சள் உடைதான் தெரியும். தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில் சித்தியவான், ஆயர் தாவார், தெலுக் இந்தான் பக்கத்திலிருந்து லோரி பிடித்துக் குடும்பத்தோடு வந்த கதையைப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பலருக்கு வருடத்தில் கடலைப் பார்க்கக் கிடைத்த ஒரே நாள் அது. மாசி மகம் நீராட்டு விழா. கடல் இல்லாமல் அதற்குப் பொருள் இல்லை. உள்நாட்டுத் தோட்டத்து ஆள் கடல் தேடி வந்ததில் சுற்றுலாவும் நேர்த்திக்கடனும் பிரிக்க முடியாமல் கலந்திருந்தன. தோட்டங்கள் போன பிறகும் கூட்டம் குறையவில்லை. பேருந்திலும் காரிலும் வருகிறார்கள். லயத்தில் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர்கள் இங்கேதான் வருடத்துக்கு ஒருமுறை சந்தித்துக்கொள்கிறார்கள்.

இன்னும் தெற்கே போனால் டச்சுக் கோட்டை. பேராக் ஈயத்தைத் தங்கள் பிடியில் வைக்க டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி 1670இல் கட்டியது. 1690இல் உள்ளூர் மலாய்க்காரர்கள் தாக்கி விரட்டினார்கள். 1743இல் திரும்ப வந்து சரிசெய்தார்கள், ஐந்து வருடத்தில் மறுபடி விட்டுப் போனார்கள். இப்போது நிற்பது பெரும்பகுதி பிறகு சீரமைத்தது, செங்கல் சுவர் நான்கு, கூரை இல்லை. ஏமாற்றமாக இருந்தால் ஆச்சரியமில்லை. பக்கத்தில் இருக்கும் எழுத்துப் பாறைதான் எனக்குப் பிடித்தது. 1743 என்ற ஆண்டும் கம்பெனி முத்திரையும் செதுக்கிய அதே பாறையில், குழந்தையைக் கவ்விய புலி போன்ற ஓர் உருவம். காணாமற்போன டச்சுக் குழந்தையைப் புலி தூக்கிப்போனது என்று ஒரு கதை. புலி அல்ல, ஆத்திரம் கொண்ட ஊர்க்காரர்கள் என்று இன்னொரு கதை.

மேற்குக் கரையைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். குளிக்கத் தெலுக் நிப்பாவும் கோரல் பேயும் நல்லவை. வார இறுதியில் கூட்டமும் மோட்டார் படகுச் சத்தமும் உண்டு. மாலையில் தெலுக் நிப்பாவில் இருவாட்சிப் பறவைகள் கூட்டமாகத் தாழப் பறந்துவந்து மரத்தில் உட்காரும், அது மட்டும் தவறவிடக்கூடாதது. எதிரே தெரியும் பங்கோர் லாவுட் தனியார் தீவு. தங்குகிறவர்களுக்கு மட்டும் அனுமதி. அந்தத் தீவின் மரகத விரிகுடாவிலிருந்துதான் 1945 மே மாதம், மூன்று வருடத்துக்கு மேல் மலாயாக் காட்டில் ஜப்பானியருக்கு ஒளிந்து வாழ்ந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஸ்பென்சர் சாப்மன் நீர்மூழ்கிக் கப்பலில் தப்பினார்.

இன்னும் கடல் வேண்டும் என்பவர்களுக்குத் தெற்கே செம்பிலான் தீவுகள். ஆள் குடியில்லாத சிறு தீவுகளின் கூட்டம். செங் ஹோவின் கடற்பயணத்தோடு வந்த சீனர்கள் 1409இல் இங்கே இறங்கி அகில் கட்டை வெட்டிப்போனதாகச் சீனக் குறிப்பு இருக்கிறது. இன்று தூண்டில்காரர்களும், இருட்டில் அலையில் மின்னும் நீல ஒளியைப் பார்க்க வரும் இளைஞர்களும்தான் போகிறார்கள். லூமுட்டிலிருந்து படகு பேசிக்கொள்ள வேண்டும், கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகுக்காரர் மறுப்பார். மறுத்தால் வற்புறுத்தாதீர்கள்.

கடைசியாக, நடைமுறை. வழியில் இறங்கிப் பார்ப்பதானால் ஒரே நாளில் எல்லாம் முடியாது. பாப்பானையும் பத்து காஜாவையும் ஒரு நாளுக்கு வைத்துக்கொண்டு, இரவு சித்தியவானிலோ லூமுட்டிலோ தங்கி, மறுநாள் முதல் ஃபெரி பிடியுங்கள். வண்டியை லூமுட்டிலேயே விட்டுவிடலாம், தீவில் மோட்டார் சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும், மேடு இறக்கம் அதிகம், பிரேக்கைச் சோதித்து எடுங்கள். 2020 முதல் பங்கோர் வரியில்லாத் தீவு என்பதால் சாக்லேட் வாங்கக் கூட்டம் மொய்க்கும், கருவாட்டுக் கடையில் அந்த நெரிசல் இல்லை. திரும்பும் கடைசி ஃபெரி எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். மாசி மகத்துக்குப் போகிறவர்கள் முந்தின நாளே தீவுக்குப் போய்விடுவது நல்லது. அறைக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.